கலுங்கு இல்லாத கண்மாய்

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் வீடு மாறினோம். மதுரை தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பது வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, நத்தம் சாலையில் ஊமச்சிகுளத்துக்குப் பக்கம் கட்டிய சொந்த வீட்டில் பால் காய்ச்சினோம். சொந்தக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், வாழ்த்திவிட்டுப் போனார்கள். பத்தே நாளில் அப்பாவுக்கு நெஞ்சு படபடப்பு தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மொட்டை மாடியில் நடப்பார். கேட்டால் "கேஸ் டிரபிள்தான்டா" என்பார். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. ரிப்போர்ட்டை மூடி வைத்த டாக்டர், "சமீபத்துல வீட்டுல என்னென்ன மாறுச்சு?" என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள். "எல்லாம் நல்லதுதான் சார் நடந்திருக்கு."

டாக்டர் சிரித்தார். "நல்லதுக்கும் உடம்பு கணக்கு வைக்கும்மா."

அது என்ன கணக்கு என்று அப்புறம் தேடிப் படித்தேன். நான் மருத்துவமோ உளவியலோ படித்தவனில்லை. எனக்குப் புரிந்ததை, இதைப் பற்றி முதன்முதலாக யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பதற்கு ஒரு மதிப்பெண். வாழ்க்கைத் துணையின் மரணம் 100, விவாகரத்து 73, வேலையிலிருந்து நீக்கப்படுவது 47. இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் கல்யாணத்துக்கு 50 போட்டிருந்தார்கள். வேலை போவதைவிட மூன்று கூடுதல்! மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரிகை வைக்க எந்தச் சித்தப்பாவை முதலில் பார்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்ட யாரும் இதை மறுக்க மாட்டார்கள். விடுமுறைச் சுற்றுலாவுக்கு 13, கிறிஸ்துமஸுக்கு 12. நம்மூரில் போட்டிருந்தால் அந்த இடத்தில் தீபாவளி வந்திருக்கும்.

அப்பாவுக்குக் கூட்டிப் பார்த்தேன். ஓய்வு 45, பண நிலைமை மாறியது 38, வீடு மாறியது 20, பழகும் வட்டம் மாறியது 18. மொத்தம் 121. 150க்குக் கீழே இருந்தால் பெரிய ஆபத்தில்லை என்பது அவர்கள் கணக்கு. இரவு இரண்டு மணிக்கு மாடியில் நடந்துகொண்டிருந்தவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. இந்தப் பட்டியலை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுபதுகளின் அமெரிக்கர்களிடம் கேட்டு எடுத்த சராசரி அது. சந்தில் இருந்த டீக்கடையும், வாசலில் நின்று நலம் விசாரிக்கிற பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதில் வராது. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: மாற்றம் நல்லதா கெட்டதா என்று உடம்பு முதலில் பார்ப்பதில்லை. பழகிய தடம் போய்விட்டது, புதுத் தடம் போட வேண்டும். அதற்கு ஆகும் செலவுதான் அழுத்தம்.

இங்கே சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. 'மன அழுத்தம்' என்று நாம் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். வேலை, பரீட்சை, கடன், கல்யாணம் என்று வெளியிலிருந்து வரும் நெருக்கடிக்கு உடம்பும் மனமும் காட்டும் பதில் ஒன்று. பேச்சில் 'டென்ஷன்' என்போமே, அது. இன்னொன்று மனச்சோர்வு என்ற நோய். அதற்குச் சிகிச்சை வேண்டும். முதலாவது நீண்ட நாள் நீடித்தால் இரண்டாவதுக்கு இட்டுச் செல்லலாம், ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? கோரிப்பாளையத்தில் சாலையைக் கடக்கிறீர்கள். ஷேர் ஆட்டோ ஒன்று காலை உரசுகிற மாதிரி வந்து ஹாரன் அடிக்கிறது. நீங்கள் யோசிப்பதற்கு முன்பே பின்னால் குதித்துவிடுகிறீர்கள். மூளையின் உள்ளே அமிக்டலா என்ற சின்னப் பகுதி ஆபத்து என்று மணி அடிக்க, சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது, சாப்பாடு செரிக்கும் வேலை ஒத்திவைக்கப்படுகிறது. சில நிமிஷங்களில் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு கூடி, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றித் தெம்பு தருகிறது. சண்டை போடு அல்லது ஓடு என்று உடம்பு தயாராகும் இந்த ஏற்பாட்டை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915 வாக்கிலேயே விளக்கிவிட்டார். ஆட்டோ போனதும், ஓட்டியவரை இரண்டு வார்த்தை திட்டியதும், உடம்பு மெல்ல இறங்கி வந்துவிடும். அருமையான ஏற்பாடு. இது இல்லையென்றால் மதுரையில் யாரும் சாலையைக் கடக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், வங்கியிலிருந்து வரும் தவணை நோட்டீசுக்கும் உடம்பு இதே மணியைத்தான் அடிக்கிறது. நோட்டீசோடு சண்டை போட முடியாது, அதைவிட்டு ஓடவும் முடியாது. ஆட்டோ மாதிரி அது கடந்தும் போகாது. ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர் மான்ட்ரியலில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வை 1936இல் வெளியிட்டார். குளிர், காயம், ஓயாத ஓட்டம், மருந்து என்று எதைக் கொடுத்து வதைத்தாலும் எலிகளின் உடம்பில் ஒரே மாதிரி மாற்றங்கள்: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. முதலில் பதறும், அப்புறம் தாக்குப்பிடிக்கும், தொல்லை நீங்காவிட்டால் கடைசியில் ஓய்ந்துபோகும் என்று மூன்று கட்டங்களாக அவர் பிரித்தார். இதில் நடுக்கட்டம்தான் மோசமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அதில் இருக்கும்போது 'நான் நல்லாத்தானே இருக்கேன்' என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

இனி, மாற்றக் காலத்துக்கே உரிய ஒரு வேதனை. 2016இல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. 45 பேரைக் கணினியில் ஒரு விளையாட்டு ஆடவிட்டார்கள். கல்லைப் புரட்டினால் கீழே பாம்பு இருக்குமா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுள்ளென்று மின்சாரம் பாயும். நிச்சயமாக ஷாக் அடிக்கும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, அடிக்குமா அடிக்காதா என்று பாதிக்குப் பாதி இழுபறியாக இருந்தபோதுதான் வியர்வையும் பதற்றமும் உச்சத்துக்குப் போயின. டிரான்ஸ்பர் ஆர்டர் வரும் வரும் என்று மூன்று மாதம் காத்திருந்த எந்த அரசு ஊழியரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆர்டர் கைக்கு வந்த அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன் என்பார், அது எவ்வளவு தூரத்து ஊராக இருந்தாலும்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தலைமுறை தலைமுறையாக அங்கே தையல்காரர்களும் பாத்திரக்கடை, புத்தகக்கடைக்காரர்களும் இருந்தார்கள்; அழகர் திருவிழாவுக்கு வேடம் கட்டுகிறவர்கள் உடை தைக்கப் போகும் இடம் அது. பிறகு அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. நினைவுச் சின்னத்தைக் காக்க அது தேவையான மாற்றம் என்று வாதிடலாம். ஆனால் தாத்தா உட்கார்ந்த அதே தூணடியில் மெஷின் போட்டிருந்த ஒரு தையல்காரரை மனதில் நிறுத்திப் பாருங்கள். கடை போகுமா போகாதா, எப்போது, புது இடத்துக்குப் பழைய ஆட்கள் தேடி வருவார்களா? துணியை அளக்கும் கை அளந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே பாம்பு இருக்கிற கல்லும் இல்லாத கல்லும் புரண்டுகொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட நேரத்தில் சுற்றியிருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "மனசைக் கல்லாக்கிக்கோ." எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத அறிவுரை இது. இங்கேதான் 'மீள்திறன்' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லுக்கு மீள்திறன் கிடையாது. அது அசையாமல் இருக்கும், அல்லது உடைந்துபோகும். வளைந்து, நசுங்கி, கொஞ்ச நேரம் கழித்துப் பழையபடியோ ஏறக்குறைய பழையபடியோ வந்து சேர்வதுதான் மீள்வது. கலங்காமல் இருப்பது அதற்கு நிபந்தனையே இல்லை. கலங்கிய பிறகு தெளிய வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு நல்ல உருவம் கிடைக்கிறது. ஏரியை நாங்கள் கண்மாய் என்போம். மாடக்குளம், வண்டியூர், செல்லூர் என்று மதுரையைச் சுற்றிக் கண்மாய்கள்தான். வெளியூர்க்காரர்கள் கண்மாய் என்றால் உயரமான கரை என்று நினைப்பார்கள். கரை முக்கியம்தான், ஆனால் ஐப்பசி அடைமழையில் கண்மாயைக் காப்பாற்றுவது கரையின் ஓரிடத்தில் கரையைவிடத் தாழ்வாகக் கல் பாவிக் கட்டியிருக்கும் கலுங்கு. கொள்ளளவுக்கு மேல் வரும் தண்ணீர் அதன் வழியே வழிந்து போகும். 'மறுகால் பாயுது' என்பார்கள். வழிந்த தண்ணீர் வீணாவதில்லை, வாய்க்கால் பிடித்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கலுங்கை அடைத்துவிட்டுக் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் ஒருநாள் கரையே உடையும். 2024 அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வருகிற தண்ணீருக்குப் போக வழி போதவில்லை.

'எதையும் தாங்கும் இதயம்' என்று நாம் பாராட்டுவது பெரும்பாலும் கலுங்கை அடைத்த கண்மாயைத்தான். அழக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, ஒருநாள் கூட லீவு போடக் கூடாது. கண்மாய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: வண்டல். வருஷா வருஷம் தூர்வாராமல் விட்டால் வெளியிலிருந்து பார்க்க அதே கண்மாய்தான், ஆனால் பாதித் தண்ணீர்கூட நிற்காது. புரூஸ் மெக்கீவன் என்ற நரம்பியல் அறிஞர் 1993இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியது ஏறக்குறைய இதைத்தான். தொடர்ந்து மணி அடித்துக்கொண்டே இருக்கும் உடம்பில் தேய்மானம் சேர்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், ஞாபகம் எல்லாவற்றையும் அது தொடுகிறது என்றார். அற்ப விஷயத்துக்கு வெடித்து அழுகிற ஒருவரைப் பார்த்து 'இதுக்குப் போயா?' என்று கேட்கிறோமே, அது இதுக்காக இல்லை. வண்டல் ஏற்கெனவே முக்கால்வாசி ஏறியிருந்தது.

சிலர் மட்டும் எப்படி மீள்கிறார்கள்? இதற்கு நான் படித்ததில் சிறந்த பதில் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயிலிருந்து வந்தது. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, நம்பிப் போய் நிற்க ஒரு பெரியவர். பெற்றவர்களாகவே இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் யாராகவும் இருக்கலாம். அடுத்த கண்மாய் என்று ஒன்று இருந்தது. ஆன் மாஸ்டன் என்ற ஆய்வாளர் 2001இல் இதைச் 'சாதாரண மாயம்' என்று அழைத்தார். பிறவியிலேயே வரும் அபூர்வ வரமாக அவருக்கு அது படவில்லை; உறவு, யோசிக்கும் திறன், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது போன்ற அன்றாடப் பொருள்களால் ஆனதாகப் பட்டது. நான் இதை இரண்டு முறை படித்தேன். ஏனென்றால் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கும் இதில் இடம் இருக்கிறது.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்?

மிகச் சுலபமானது மூச்சு. இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். வேகஸ் என்ற நீண்ட நரம்பு மூளையிலிருந்து இறங்கி இதயத்துக்குக் கடிவாளம் பிடிப்பதால் இது நடக்கிறது. ஆகவே நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிஷம் போதும், பஸ் சீட்டிலேயே செய்யலாம். இது பிரச்சினையைத் தீர்க்காது. தீர்க்க உட்காரும் அளவுக்கு உடம்பை இறக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, உள்ளே இருப்பதற்குப் பேர் வைப்பது. 'ஒரு மாதிரியா இருக்கு' என்று விடாமல், இது பயமா, கோபமா, அவமானமா, ஏக்கமா என்று பார்ப்பது. மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் 2007இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பயந்த, கோபமான முகப் படங்களைக் காட்டி அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல் தரச் சொன்னபோது, மணியடிக்கும் அமிக்டலாவின் துடிப்பு தணிந்தது. அப்பாவுக்கு 'கேஸ் டிரபிள்' என்ற பெயர் உதவவில்லை, அது தப்பான பெயர். எழுதிப் பார்ப்பதும் இதே வகைதான். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனதை வாட்டிய சம்பவத்தைப் பற்றித் தினம் 15 நிமிஷம் வீதம் நான்கு நாள் எழுதிய மாணவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதிய உடனே மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குத் தயாராக இருங்கள்.

நிச்சயமின்மைதான் மாற்றத்தின் முள் என்றால், நிச்சயமான சில விஷயங்களை நாமே நட்டு வைக்கலாம். எழும் நேரம், டீ குடிக்கும் நேரம், நடக்கும் பாதை. தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் காலையில் நடப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாதி நன்மை நடையில், மீதி நன்மை அதே ஆட்களை அதே வளைவில் பார்த்துத் தலையசைப்பதில் என்று நினைக்கிறேன். முடிவு தெரியாத விஷயத்துக்கு ஒரு தேதியாவது கேட்டு வாங்குங்கள். 'பார்க்கலாம்' என்பதைவிட '15ஆம் தேதி சொல்கிறேன்' என்பது உடம்புக்கு இதம்.

இதோடு ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984இல் சமாளிப்பதை இரண்டாகப் பிரித்தார்கள்: பிரச்சினையையே கையாள்வது, பிரச்சினை கிளப்பும் உணர்ச்சியைக் கையாள்வது. மாற்ற முடிவதற்கு முதல் வழி, மாற்ற முடியாததற்கு இரண்டாவது. இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அநியாயத்துக்கு ஆளானவரிடம் 'மூச்சை இழுத்து விடுங்கள்' என்று சொல்வது எனக்கு எரிச்சலாக இருக்கும். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது தேவைப்படுவது மூச்சுப் பயிற்சியா? தமிழ்நாட்டில் 2003இலிருந்தே அதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. அங்கே தேவை வக்கீலும் புகாரும், கூட நிற்க நான்கு பேரும். மூச்சுப் பயிற்சி, புகார் கொடுக்கப் போகும் வழியில்.

எப்போது இது டென்ஷன் என்ற எல்லையைத் தாண்டுகிறது? இரண்டு வாரம் தொடர்ந்து, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடந்தாலோ, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, கூடவே தூக்கமும் பசியும் கெட்டு, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். 'பைத்தியக்கார டாக்டர்' என்று கேலி பேசும் சொந்தக்காரர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவரிடம் சொல்லாமல் போங்கள்.

அப்பாவுக்கு மருந்து தேவைப்படவில்லை. டாக்டரிடம் போய் வந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு, "டவுனுக்குப் போயிட்டு வர்றேன்டா" என்று கிளம்பிவிட்டார். பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, பழைய சந்துக்கு நடந்து, அதே டீக்கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ. ஏழரைக்குத் திரும்பிவிட்டார். ஒரு டீக்காக இத்தனை கிலோமீட்டரா என்று அம்மா சத்தம் போட்டாள். நான் அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். மூன்று வாரம் தினமும் போனார். நான்காவது வாரத்தில் ஒருநாள் மழை, போகவில்லை. மெயின் ரோட்டுக் கடையில் குடித்துவிட்டு வந்து "தண்ணியா இருக்கு" என்றார். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் டவுன், மற்ற நாளெல்லாம் இங்கே. இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் போகிறார். போன மாதம் மெயின் ரோட்டுக் கடை வழியாக நான் போனபோது, மாஸ்டர் என்னை நிறுத்தி, "அப்பா ரெண்டு நாளா காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன்.